சூடு தாங்கும் கண்ணாடி: வாங்குவதற்கு முன்பும் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பும்

டீக்கடையில் நின்று கவனித்திருப்பீர்கள். தேநீர் ஊற்றுவதற்கு முன் மாஸ்டர் கண்ணாடித் தம்ளரில் கொதிநீரை விட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றிக் கொட்டிவிடுவார். கழுவுகிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். கழுவுவதும்தான், கூடவே தம்ளரைச் சூடேற்றியும் விடுகிறார். அது தடித்த அடியுள்ள சாதாரணக் கண்ணாடி. குளிர்ந்து கிடக்கும்போது பொங்கும் தேநீரை நேராக ஊற்றினால் அடிப்பாகம் வட்டமாகக் கழன்று விழக்கூடும்.

கண்ணாடிப் பாத்திரத்தைப் புதிதாக ஓவனிலும் மைக்ரோவேவிலும் வைக்கத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த மாஸ்டரைப் பற்றித்தான். பெட்டியில் 'சூடு தாங்கும்' என்று எழுதியிருப்பதை நம்பி நாம் செய்கிற தவறை அவர் மலிவுத் தம்ளரிடம்கூடச் செய்வதில்லை.

நான் செய்தேன். ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பீக்கர்களோடும் குடுவைகளோடும் வாழ்ந்தவன் நான். "சூடான குடுவையை ஈர மேசையில் வைக்காதே" என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவன். அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்கறி வெந்த கண்ணாடிப் பாத்திரத்தை ஓவனிலிருந்து எடுத்து, சற்றுமுன் துடைத்து ஈரம் உலராத கிரானைட் மேடைமீது வைத்தேன். டக்கென்று ஓர் ஓசை. பாத்திரம் இரண்டாகப் பிளந்து, வெண்ணிறச் சாறு மேடையெங்கும் வழிந்தது. பெட்டியில் 350 டிகிரி தாங்கும் என்று அச்சிட்டிருந்தார்கள். ஓவனில் இருந்தது 180 டிகிரிதான். அச்சிட்டது பொய்யில்லை. கேள்வியைத்தான் நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

ஏன் உடைகிறது என்பதை முதலில்

செய்முறைக்கு நேராகப் போகலாம் என்றால் போங்கள். ஆனால் இந்தப் பகுதியைப் படித்துவிட்டால் கீழே வரும் விதிகளில் பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

அலுமினியப் பாத்திரத்தின் ஒரு மூலையில் பட்ட சூடு சட்டென்று முழுதும் பரவிவிடும். கண்ணாடி வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள். சூடு பட்ட இடத்திலேயே தங்கிவிடும். சூடான பகுதி விரியப் பார்க்கும், குளிர்ந்த பகுதி விடாமல் பிடிக்கும். இந்த இழுபறியில் எங்கோ ஓரிடம் இழுவிசைக்கு ஆளாகிறது. கண்ணாடி அமுக்கினால் அசையாது, இழுத்தால் தாங்காது. அதுவும் மேற்பரப்பில் ஒரு கீறல் இருந்துவிட்டால் இழுப்பு முழுவதும் அந்தக் கீறலின் நுனியில் குவிந்து விரிசலாக ஓடும்.

திடீரென்று குளிர்வது திடீரென்று சூடாவதைவிடக் கொடியது என்பதற்கும் இதுவே காரணம். குளிர்ந்த நீர் பட்டதும் மேற்பரப்பு சுருங்க முயலும், உள்ளே இன்னும் சூடு. அப்போது இழுபடுவது மேற்பரப்பு. கீறல்கள் குடியிருப்பதும் அங்கேதான். தடித்த கண்ணாடி பார்க்கத்தான் பலசாலி. இந்த விஷயத்தில் மெல்லியதுதான் பிழைக்கும், ஏனென்றால் அதன் இரு பக்கங்களும் விரைவில் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். ஆய்வக பீக்கரின் சுவர் அவ்வளவு மெல்லிதாக இருப்பது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல.

இனி எண்கள். ஒரு மீட்டர் நீளச் சாதாரணக் கண்ணாடி, அதாவது சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி, 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீளும். போரோசிலிக்கேட் கண்ணாடி 0.33 மில்லிமீட்டர் நீளும். தூய சிலிக்காவை உருக்கிச் செய்யும் குவார்ட்ஸ் கண்ணாடி 0.05 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நீளும். செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் அது உடையாது. விரிவு குறைந்தால் இழுபறியும் குறைகிறது. போரோசிலிக்கேட்டின் ரகசியம் அவ்வளவுதான். 500 டிகிரிவரை அது தன் வடிவத்தை விடாது, எந்த வீட்டு ஓவனும் அதன் பக்கத்தில்கூட வராது. ஆகவே பெட்டியில் உள்ள 350 என்ற எண் பாத்திரம் முழுவதும் சீராகச் சூடானால் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது. ஒரு பக்கம் 180, மறுபக்கம் 30 என்றால் என்ன ஆகும் என்பதற்கு அது பதில் அல்ல.

வெங்காரம் சேர்ந்த கதை

பொற்கொல்லர்கள் பற்றவைக்கப் பயன்படுத்தும் வெங்காரத்தில் இருப்பது போரான். அந்தப் போரானின் ஆக்சைடை மணலோடு சேர்த்து உருக்கினால்தான் போரோசிலிக்கேட். சுமார் 80 விழுக்காடு சிலிக்கா, 13 விழுக்காடு போரிக் ஆக்சைடு, மீதம் கொஞ்சம் சோடாவும் அலுமினாவும். ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் 1880களில் இந்தக் கலவைகளை ஆராய்ந்தார். வாயு விளக்குகளின் சிம்னிகள் அவரது கண்ணாடியின் பெரிய சந்தையாயின. அமெரிக்காவில் தேவை வேறு திசையிலிருந்து வந்தது: ரயில்வே சிக்னல் விளக்கு உள்ளே எரியும், வெளியே மழையோ பனியோ கண்ணாடியில் படும், கண்ணாடி உடையும். கார்னிங் நிறுவனம் இதற்காக விரிவு குறைந்த கண்ணாடியை உருவாக்கியது.

அது சமையலறைக்கு வந்தது ஒரு பெண்மணியால். கார்னிங்கில் வேலைபார்த்த ஜெஸ்ஸி லிட்டில்டனின் மனைவி பெஸ்ஸி, தம் மண்பாத்திரம் உடைந்ததால் வேறு ஏதாவது கொண்டுவரச் சொன்னார். 1913இல் கணவர் அந்தக் கண்ணாடியில் செய்த பேட்டரி ஜாடியின் அடிப்பாகத்தை அறுத்துக் கொண்டுவந்து கொடுக்க, பெஸ்ஸி அதில் கேக் சுட்டுக் காட்டினார். 1915இல் அந்தச் சமையல் கண்ணாடி பைரெக்ஸ் என்ற பெயரில் கடைக்கு வந்தது. இந்தியாவில் 1962இல் கார்னிங்கின் கூட்டுறவோடு தொடங்கிய போரோசில், நம் கல்லூரி ஆய்வகங்களில் பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. "அந்த போரோசிலை எடு" என்றால் பீக்கரை எடு என்று பொருள்.

முதல் படி: கையில் இருப்பது எந்தக் கண்ணாடி?

இதில் அவசரப்படாதீர்கள். பாத்திரக் கடையில் 'சூடு தாங்கும்' என்ற பெயரில் மூன்று வகை விற்கும். முதலாவது போரோசிலிக்கேட். இரண்டாவது டெம்பர்டு கண்ணாடி: சாதாரணக் கண்ணாடியைச் சுமார் 620 டிகிரிக்கு மேல் காய்ச்சிக் குளிர்காற்றைப் பாய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தது. வெளித்தோல் முதலில் இறுகிவிட, பிறகு சுருங்கும் உட்பகுதி அதை உள்நோக்கி இழுத்து அமுக்கி வைத்திருக்கும். வெள்ளை ஓபல் தட்டுகளும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். மூன்றாவது கண்ணாடிப் பீங்கான்.

பிராண்டு பெயரை வைத்து வகையைச் சொல்ல முடியாது. பைரெக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அமெரிக்காவில் விற்கும் சமையல் பாத்திரம் டெம்பர்டு சோடா-சுண்ணாம்பு, ஐரோப்பாவில் விற்பது போரோசிலிக்கேட். வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து கொடுத்ததென்றால் எங்கே வாங்கியது என்று கேளுங்கள்.

பெட்டியில் 'போரோசிலிக்கேட்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதோடு 3.3 என்ற எண்ணும் இருந்தால் நல்லது. நான் மேலே 0.33 மில்லிமீட்டர் என்று சொன்ன அதே விரிவுதான் அது, வேறு அலகில். ஐஎஸ்ஓ 3585 என்ற தரநிலை இந்த வகைக்கு உரியது. 'சூடு தாங்கும்', 'மைக்ரோவேவுக்கு ஏற்றது' என்ற சொற்கள் மட்டும் இருந்தால் வகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றே கொள்ளுங்கள்.

பெட்டி இல்லையா? விளிம்பைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடியில் இரும்பின் சுவடால் பச்சை தட்டும். போரோசிலிக்கேட் பெரும்பாலும் நிறமற்று இருக்கும். இது குறிப்புத்தான், நிரூபணம் இல்லை.

நிரூபணத்துக்கு அருகில் போகிற சோதனை ஒன்று உண்டு, குழந்தைகளும் வாய்பிளந்து பார்ப்பார்கள். வெளிர்நிறமான சூரியகாந்தி எண்ணெயை ஒரு தெளிவான கிண்ணத்தில் ஊற்றி, சந்தேகத்துக்குரிய பாத்திரத்தின் விளிம்பையோ கண்ணாடிக் கலக்கியையோ அதில் அமிழ்த்துங்கள். போரோசிலிக்கேட் என்றால் எண்ணெய்க்குள் இருக்கும் பகுதி காணாமல் போகும். ஒளியை வளைக்கும் அளவு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்று, 1.47. சாதாரணக் கண்ணாடிக்கு அது 1.52; ஆகவே எண்ணெய்க்குள்ளும் அதன் ஓரங்கள் தெரியும். மருந்துக்கடைக் கிளிசரினும் இதற்கு நன்றாக வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது 1.45 தான்.

டெம்பர்டு கண்ணாடியைக் கண்டுபிடிக்க மடிக்கணினித் திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதற்கு முன்னால் பாத்திரத்தைப் பிடித்து, போலராய்டு கறுப்புக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். தலையைச் சாய்த்துச் சாய்த்துத் திரை இருளும் கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டெம்பர்டு என்றால் அந்த இருளில் வண்ணப் பட்டைகளும் திட்டுகளும் எழும். உள்ளே அடைபட்டிருக்கும் இறுக்கம்தான் அப்படித் தெரிகிறது.

கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பவர்களை நம்ப வேண்டாம். போரோசிலிக்கேட் இலேசானதுதான், ஆனால் வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு. அதைக் கை அறியாது.

இரண்டாம் படி: உங்கள் வீட்டுக்கு எது?

ஓவனில் அடிக்கடி வைப்பீர்கள், குளிர்பெட்டியிலிருந்து எடுப்பீர்கள் என்றால் போரோசிலிக்கேட் வாங்குங்கள். ஓடியாடும் பிள்ளைகள் உள்ள வீடு, மைக்ரோவேவில் சோறு சுடவைப்பதுதான் அதிகபட்ச வேலை என்றால் டெம்பர்டு போதும். கீழே விழுந்தால் பிழைப்பதற்கு டெம்பர்டுக்குத்தான் வாய்ப்பு அதிகம். அதன் குணக்கேடு வேறு: உடையும்போது சிறுசிறு துண்டுகளாக வெடித்துச் சிதறும், ஆழமான கீறல் விழுந்து பல நாள் கழித்து, யாரும் தொடாதபோதும் சிதறக்கூடும். போரோசிலிக்கேட் பொதுவாகப் பெரிய, கூர்மையான துண்டுகளாகப் பிளக்கும்.

கண்ணாடிப் பீங்கானைப் பாத்திரமாக வாங்காவிட்டாலும் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கலாம். இண்டக்ஷன் அடுப்பின் கறுப்பு மேற்பரப்பு பெரும்பாலும் அதுதான். 1953இல் கார்னிங்கில் டொனால்ட் ஸ்டூக்கி என்பவர் ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் சூடாக்க வைத்தார். உலையின் கட்டுப்பாடு கெட்டு 900க்குப் போய்விட்டது. உருகி உலையே பாழாகியிருக்கும் என்று நினைத்துத் திறந்தால் துண்டு வெண்மையாகி உருகாமல் இருந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை. உள்ளே நுண்ணிய படிகங்கள் வளர்ந்துவிட்டிருந்தன. இன்றைய அடுப்புப் பலகைகளின் விரிவு கிட்டத்தட்டச் சுழி. அதனால்தான் நடுவில் கொதித்து ஓரத்தில் குளிர்ந்து கிடந்தாலும் அவை தாங்குகின்றன. ஆனால் கனமான தோசைக்கல்லின் முனை அதன்மேல் விழுவது வேறு கதை.

இண்டக்ஷன் அடுப்பில் கண்ணாடிப் பாத்திரத்தை வைத்தால் ஒன்றும் நடக்காது. காந்தத்துக்கு மசியும் உலோகம் வேண்டும்.

மூன்றாம் படி: முதல் நாள் பரிசோதனை

கழுவித் துடைத்து, விளிம்பைச் சுற்றி நகத்தால் தடவுங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே சில்லு பெயர்ந்திருக்கிறது. விளக்கொளியில் சாய்த்து, அடியில் நட்சத்திர வடிவ விரிசலோ நீளக் கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள். பழகிய பாத்திரத்தையும் மாதம் ஒருமுறை இப்படிப் பாருங்கள். சில்லு விழுந்தது சூட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பருப்புப் போட்டு வைக்கப் போகட்டும்.

புதுக் கண்ணாடியை உப்புத் தண்ணீரில் வேகவைத்தால் 'பதம்' ஆகும் என்று எங்கள் வீட்டில் பாட்டி சொல்வார். பாவம், 100 டிகிரியில் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. போரோசிலிக்கேட்டின் உள்ளிறுக்கம் நீங்க 560 டிகிரி வேண்டும், அதன்பின் மெதுவாக ஆற வேண்டும். எவ்வளவு மெதுவாக என்றால், கலிஃபோர்னியாவின் பாலமர் மலைத் தொலைநோக்கிக்காக 1934இல் பைரெக்ஸ் கண்ணாடியில் வார்த்த 200 அங்குல ஆடி, உலையில் ஆறுவதற்குச் சுமார் பத்து மாதம் எடுத்தது. பாத்திரங்களுக்கு அது தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது.

நான்காம் படி: ஓவனில்

ஓவனை முதலில் சூடாக்கி, குறித்த அளவை எட்டிய பிறகே பாத்திரத்தை உள்ளே வையுங்கள். சூடேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கம்பிச்சுருள் செக்கச்சிவந்து முழு வேகத்தில் எரியும். பக்கத்தில் இருக்கும் கண்ணாடியின் ஒரு பகுதியை மட்டும் அது வாட்டும். மேற்கம்பி மட்டும் எரியும் 'கிரில்' முறையில் கண்ணாடியை வைக்காமல் இருப்பதே நல்லது.

காலிப் பாத்திரத்தை ஓவனில் காயவிட வேண்டாம். காய்கறியோ கோழியோ வேகும்போது நீர் விடும். அது காய்ந்த சூடான அடியில் சொட்டினால் என் கிரானைட் மேடை செய்த வேலையை உள்ளேயே செய்துவிடும். அதனால் முதலிலேயே அடி மறையும் அளவுக்குத் தண்ணீரோ குழம்போ ஊற்றிவிடுங்கள். நடுவில் திறந்து 'கொஞ்சம் தண்ணீர் காட்டலாமே' என்று தோன்றினால், அந்தத் தண்ணீர் கொதிநீராக இருக்கட்டும்.

வெளியே எடுப்பதற்கு முன் இறக்கி வைக்கும் இடத்தைத் தயார்செய்யுங்கள். பெரும்பாலோர் பாத்திரம் கையில் சுட்டபிறகுதான் இடம் தேடுகிறார்கள். உலர்ந்த மரப்பலகை, நான்காக மடித்த உலர்ந்த துண்டு, அல்லது நம் வீட்டுப் பிரிமணை. பிரிமணை இதற்கென்றே பிறந்தது போலிருக்கும்: அடிக்குக் கீழே காற்று, விளிம்பில் மட்டும் வைக்கோலோ நாரோ. எவர்சில்வர் மேசை, கிரானைட், கடப்பைக்கல், ஈரத்துணி ஆகிய நான்கும் சூட்டை வேகமாக உறிஞ்சும், ஆகவே கூடாது. பிடிதுணியும் உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஈரத் துணி கண்ணாடிக்கும் ஆகாது, உங்கள் விரல்களுக்கும் ஆகாது.

பிறகு காத்திருங்கள். வெறுங்கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பின்னரே கழுவும் தொட்டிக்குப் போகலாம்.

ஐந்தாம் படி: மைக்ரோவேவில்

இங்கே கண்ணாடிக்கு வேலை குறைவு. நுண்ணலை கண்ணாடியைப் பெரும்பாலும் கடந்து சென்று உணவில் உள்ள நீரைத்தான் சூடாக்குகிறது. உணவின் சூடுதான் கண்ணாடிக்கு வருகிறது. தங்க விளிம்போ வெள்ளிக் கோலமோ உள்ள பாத்திரத்தில் பொறி பறக்கும், வைக்காதீர்கள். பிளாஸ்டிக் மூடியின் பூட்டைத் திறந்து, சாய்வாக வையுங்கள்; ஓவனில் அந்த மூடியே வேண்டாம்.

வெறும் தண்ணீர் காய்ச்சும்போது மட்டும் கவனம் தேவை. வழவழப்பான புதுக் கண்ணாடியில் குமிழி பிறக்க இடம் இல்லாமல், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அசையாமல் நிற்கலாம். அதில் காப்பித்தூளைப் போட்டதும், கரண்டியை விட்டதும் மொத்தமாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். ஒரு மரக்குச்சியைப் போட்டுக் காய்ச்சுங்கள். முடிந்ததும் அரை நிமிடம் விட்டு எடுங்கள். ஆய்வகத்தில் குடுவைக்குள் உடைந்த ஓட்டுச் சில்லைப் போட்டுக் கொதிக்கவைப்பதும் இதற்காகத்தான்.

ஆறாம் படி: நேரடிச் சுடரில் வைக்கலாமா?

ஓவன் பாத்திரமென்றால் கூடாது. எரிவாயுச் சுடர் ஆயிரம் டிகிரியைத் தாண்டும், அதுவும் வட்டமாக ஓரிடத்தில் படும். சுடருக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதிய கண்ணாடிக் கெட்டில்கள் உண்டு. அவற்றிலும் வெளிப்புறத்தை முற்றிலும் துடைத்து, அடுப்பின் மேல் கம்பிவலை ஒன்றை வைத்து, சிறு தீயில் தொடங்குங்கள். சுடர் திரவ மட்டத்துக்கு மேல் பக்கங்களில் ஏறக்கூடாது. வற்றவிடக் கூடாது.

ஏழாம் படி: குளிரிலிருந்து சூட்டுக்கு

நம் சமையலறையில் அதிகம் கவனிக்காத ஆபத்து தாளிப்பு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தயிர்ப்பச்சடி கண்ணாடிக் கிண்ணத்தில் இருக்கிறது. கடுகு வெடிக்கும் எண்ணெய், கொதிநீரைவிட மிகச் சூடானது, அதன்மேல் விழப்போகிறது. தயிரின் நடுவில் விழுந்தால் பிழையில்லை. கிண்ணத்தின் ஓரத்தில் வழிந்தால் 5 டிகிரிக் கண்ணாடிமேல் 180 டிகிரி எண்ணெய்! சாதாரணக் கிண்ணமென்றால் அப்போதே விரிசல் விழலாம். தாளித்ததை எவர்சில்வர் பாத்திரத்தில் கலந்து பிறகு கண்ணாடிக்கு மாற்றுங்கள்.

உறைநிலைப் பெட்டியில் வைப்பதென்றால் திரவத்தை முழுக்க நிரப்பாதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருக்கும். உறைந்ததை முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் வெளியே வைத்து, அதன்பின் ஓவனுக்குக் கொண்டுபோங்கள். போரோசிலிக்கேட் நேராகவே தாங்கும் என்று சில பெட்டிகளில் எழுதியிருக்கும். கீறல் இல்லாத புதுப் பாத்திரத்தில் அது உண்மையாகவும் இருக்கலாம். உங்களுடையது எத்தனை கழுவல் கண்டது என்பது பெட்டிக்குத் தெரியாது.

தேநீர் ஊற்றும்முன் தம்ளரில் கரண்டி போடும் பழக்கத்தையும் கேட்பீர்கள். உலோகம் முதல் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், ஆகவே முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். மாஸ்டரின் கொதிநீர் அதைவிட நல்ல வழி.

எட்டாம் படி: கழுவுவது

கம்பி நார், சாம்பல், செங்கல் பொடி, சுரசுரப்பான தேய்ப்புத் தூள் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பும் கீறல்களைச் சேர்த்துவைக்கிறது. கருகியதை வெதுவெதுப்பான நீரில் சோப்போடு இரவு முழுக்க ஊறவிட்டால் பாதி தானே வரும். மீதிக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, மெல்லிய பஞ்சால் துடையுங்கள். உப்புக்கறைக்கு எலுமிச்சையும் புளியும் போதும். புளிப்பு இந்தக் கண்ணாடியை ஒன்றும் செய்யாது. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும்போது நடுவில் துணி வையுங்கள்.

மாணவர்களுக்குச் சில வரிகள்

ஆய்வகத்தில் உள்ள எல்லாக் கண்ணாடியும் போரோசிலிக்கேட் இல்லை. வினைப்பொருள் பாட்டில்களும் சில அளவு உருளைகளும் சாதாரணக் கண்ணாடியாக இருக்கும். கந்தக அமிலத்தையோ காஸ்டிக் சோடாவையோ நீரில் கரைக்கும்போது எழும் சூட்டிலேயே பாட்டிலின் அடி விட்டுவிடும். பீக்கரில் கரைத்து, ஆறிய பின் ஊற்றுங்கள். பன்சன் சுடரில் சுலபமாக வளைகிற குழாய் சோடாக் கண்ணாடி. போரோசிலிக்கேட் இளகச் சுமார் 820 டிகிரி வேண்டும். கண்ணாடி ஊதுபவர்கள் அதற்கு ஆக்சிஜன் கலந்த சுடரைப் பயன்படுத்துவார்கள்.

அமிலங்களைப் பொறுத்துக்கொள்ளும் இந்தக் கண்ணாடிக்கு மூன்று பகைவர்கள்: ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், சூடான அடர் பாஸ்பாரிக் அமிலம், அடர்ந்த காரம். காஸ்டிக் சோடாக் கரைசலைக் கண்ணாடி மூடிபோட்டு வைத்தால் மூடி ஒட்டிக்கொண்டு திறக்காது, ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மூடி போடுங்கள். பிறகு ஒன்று: ரசாயனம் கண்ட பீக்கரில் எந்தக் காலத்திலும் காப்பி கலக்காதீர்கள். கழுவிவிட்டேன் என்று சொன்ன மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மொட்டை மாடியில் ஒன்று

சூரிய ஒளியில் வெந்நீர் தரும் கருவி உங்கள் மாடியில் இருக்கிறதா? வெற்றிடக் குழாய் வகையென்றால் அந்தக் குழாய்கள் போரோசிலிக்கேட்தான். இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம். தண்ணீர் இல்லாமல் வெயிலில் கிடக்கும் குழாயின் உட்புறம் 200 டிகிரியைத் தாண்டிவிடும். தொட்டி காலியான நாளில், நண்பகலில் மோட்டாரைப் போட்டு நிரப்பினால் அத்தனை குழாய்களும் ஒன்றன்பின் ஒன்றாக உடையக்கூடும். விடியற்காலையிலோ இரவிலோ நிரப்புங்கள். அவசரமென்றால் குழாய்கள்மேல் தடித்த துணியைப் போர்த்தி, சில மணி நேரம் ஆறவிடுங்கள். குழாயின் நுனியில் வெள்ளிபோல் மின்னும் பூச்சு ஒன்று இருக்கும். அது பால்போல் வெளுத்துவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, குழாயை மாற்ற வேண்டும்.

உடைந்துவிட்டால்

முதலில் செருப்பைப் போடுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். உணவைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், மேலே தெளிவாக இருந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். பெரிய துண்டுகளைத் தடித்த அட்டையால் தள்ளி எடுத்தபின், விளக்கை அணைத்து டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தால் மிச்சம் மினுக்கும். ஈரச் செய்தித்தாளோ ஓர் உருண்டை கோதுமை மாவோ அவற்றை ஒற்றி எடுத்துவிடும். எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி, 'உடைந்த கண்ணாடி' என்று பெரிதாக எழுதுங்கள். தூய்மைப் பணியாளரின் கை அதில்தான் படும். பழைய பாட்டில்களோடு சேர்த்துக் கடையில் போட வேண்டாம்: பாட்டில் கண்ணாடி உருகும் சூட்டில் போரோசிலிக்கேட் சரியாக உருகாது, கல்போல் நின்று புதிய பாட்டிலில் குறையாக வந்து சேரும்.